தூய்மையாக்கப்பட்ட பழைய வேதியியல் ஆய்வக நிலத்தில் குடியிருப்பு: சான்றிதழை எவ்வளவு தூரம் நம்பலாம்?

செங்கல் எழுதியது:

வணக்கம். நான் கட்டட வடிவமைப்பாளர். பன்னிரண்டு ஏக்கர் நிலம் ஒன்றுக்கு மனைத்திட்டம் வரையும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அங்கே ஒரு வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இயங்கியது. மூடிய பிறகு சில காலம் பூட்டிக் கிடந்தது. பின்பு இரண்டு மீட்டர் ஆழத்துக்கு மண்ணை அகற்றி, வேறு மண் கொட்டி நிரப்பினார்கள். நிலத்தடி நீரையும் இறைத்துச் சுத்திகரித்திருக்கிறார்கள். இப்போது "குடியிருப்புக்கு உகந்தது" என்ற சான்றிதழ் கையில் இருக்கிறது.

என் வரைவில் நான்கு மாடிக் குடியிருப்புகள் ஆறு. அவற்றில் இரண்டுக்கு அடியில் வாகனங்கள் நிறுத்த நிலத்தடித் தளம். பழைய ஆய்வகக் கட்டடங்களில் ஒன்று உறுதியாக இருப்பதால் அதை இடிக்காமல், கீழ்த்தளத்தை மழலையர் பள்ளியாக மாற்றும் எண்ணம். பக்கத்தில் குழந்தைகள் விளையாட ஒரு புல்வெளி.

சுத்திகரிப்பு அறிக்கை 140 பக்கம். முன்னுரையும் முடிவுரையும் படித்தேன். நடுவில் இருக்கும் அட்டவணைகள் எனக்குப் பிடிபடவில்லை. மண் எனக்குப் பழக்கமான பொருள்தான், ஆனால் அது எவ்வளவு எடை தாங்கும் என்பதைத்தான் இதுவரை கேட்டிருக்கிறேன். மழலையர் பள்ளி என்று வரைபடத்தில் எழுதியபோது கை நின்றுவிட்டது. இந்தத் துறையில் இருப்பவர்கள், இப்படிப்பட்ட இடத்தில் வேலை பார்த்தவர்கள், வசிப்பவர்கள் யாராவது வழிகாட்டுங்கள். நான் எதைக் கேட்க வேண்டும்?


ஆழ்துளை எழுதியது:

செங்கல் ஐயா, கை நின்றது நல்லது. இருபத்தாறு ஆண்டுகளாக மாசுபட்ட நிலங்களில் துளையிட்டு மண்ணும் நீரும் எடுத்து ஆராய்வதுதான் என் தொழில். இதுவரை என்னிடம் வந்த வடிவமைப்பாளர்களில் பெரும்பாலோர் அடித்தளம் போட்ட பிறகுதான் வந்தார்கள்.

முதலில் சான்றிதழைப் பற்றி. அது பொய் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் "உகந்தது" என்ற சொல் தனியாக நிற்பதில்லை. எந்தப் பயன்பாட்டுக்கு, எந்த ஆழம் வரை, எந்தப் பொருள்களைத் தேடிப் பார்த்து, எந்தக் கட்டட வடிவத்தை மனத்தில் வைத்து அப்படி முடிவு செய்தார்கள் என்ற நான்கையும் சேர்த்துப் படித்தால்தான் அதற்குப் பொருள் உண்டு. இரண்டு மீட்டர் வரை மண் மாற்றினார்கள் என்கிறீர்கள். நிலத்தடித் தளத்துக்கு நீங்கள் தோண்டப்போவது குறைந்தது மூன்றரை அல்லது நான்கு மீட்டர். அவர்கள் தொடாத மண்ணை உங்கள் இயந்திரம்தான் முதலில் தொடப்போகிறது. சான்றிதழ் எழுதியவர் உங்கள் வரைபடத்தைப் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

அடுத்து, தொழிற்சாலைக்கும் ஆய்வகத்துக்கும் உள்ள வேறுபாடு. தொழிற்சாலையில் பத்துப் பதினைந்து பொருள்கள் டன் கணக்கில் இருக்கும். வாங்கிய கணக்கும் விற்ற கணக்கும் இருக்கும். ஆய்வகத்தில் ஆயிரக்கணக்கான பொருள்கள் கிராம் கணக்கில் இருக்கும். பாதிக்குப் பெயரே இருக்காது. யாரோ ஒருவர் ஒருமுறை தயாரித்து, சீசாவில் எண் மட்டும் எழுதி வைத்திருப்பார். வழக்கமான சோதனைப் பட்டியலை வைத்துக்கொண்டு இப்படிப்பட்ட மண்ணில் தேடினால், பட்டியலில் உள்ளது மட்டுமே கிடைக்கும். அதனால் "எதுவும் காணப்படவில்லை" என்ற வரியைக் கண்டால், எதைத் தேடினார்கள் என்ற பக்கத்தைத் திருப்புங்கள். அறிக்கை சில ஆண்டுகளுக்கு முந்தையது என்றால் பிஃபாஸ் எனப்படும் புளோரின் சேர்மங்கள் அந்தப் பட்டியலில் இல்லாமல் இருக்கக்கூடும். கரைப்பான் கிடங்கு இருந்த இடங்களில் இவை கலந்த தீயணைப்பு நுரை வைத்திருப்பார்கள், பயிற்சிக்காகத் தெளித்திருப்பார்கள். அமெரிக்காவில் 2024-இல் குடிநீருக்கு விதித்த வரம்பு, இவற்றில் இரண்டு சேர்மங்களுக்கு ஒரு லிட்டரில் 4 நானோகிராம். அவ்வளவு நுண்ணிய அளவைப் பழைய சோதனைகள் எட்டியிருக்காது.

இப்போது கரைப்பான்கள். இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் உங்கள் வரைபடத்துக்கு உண்மையான ஆபத்து இங்கேதான் இருக்கிறது. பென்சீன் நீரைவிட இலேசானது. நிலத்தடி நீர்மட்டத்தில் மிதந்து நிற்கும், தேடினால் அகப்படும். டிரைகுளோரோஎத்திலீன் அப்படியில்லை. நீரைப்போல் ஏறத்தாழ ஒன்றரை மடங்கு கனமானது, அடர்த்தி 1.46. குளோரோஃபார்மும் அதே போன்றது. இவை நீர்மட்டத்தில் நிற்காமல் அதைத் துளைத்துக் கீழே இறங்கும். வழியில் ஒரு களிமண் அடுக்கு குறுக்கிட்டால் அதன் மேல் சிறு குட்டையாகத் தேங்கும். சரிவு இருந்தால் சரிவின் பக்கம் ஊர்ந்து போகும். நீர் கிழக்கே ஓடினாலும் இது மேற்கே போகலாம்.

ஒருமுறை நாங்கள் ஏழு மீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மண் உருளையை நீளவாக்கில் பிளந்து பார்த்தோம். சாம்பல் நிறக் களிமண், பார்க்கச் சுத்தமாக இருந்தது. அதற்கு ஒரு விரல் மேலே மெல்லிய மணல் கோடு. அந்தக் கோட்டிலிருந்து ஒரு கரண்டி எடுத்துக் கண்ணாடிச் சீசாவில் போட்டு, தண்ணீரும் சிட்டிகை சூடான் நான்கு என்ற சாயமும் சேர்த்து மூடிக் குலுக்கினேன். அந்தச் சாயம் நீரில் கரையாது. கரைப்பான் இருந்தால் அதில் மட்டும் கரையும். சீசாவைச் சாய்த்தபோது கண்ணாடியின் உட்புறத்தில் குங்குமம் போலச் சிவந்த துளிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. இருபது மீட்டர் தள்ளி இருந்த இரண்டு துளைகளில் ஒன்றுமே இல்லை. இத்தனைக்கும் அந்த இடத்துக்கும் ஏற்கெனவே ஒரு நல்ல அறிக்கை இருந்தது.

நீங்கள் அடித்தளத் தூண்களை அந்தக் களிமண் அடுக்கைத் துளைத்து இறக்கினால், மேலே தேங்கி நிற்பது கீழே இறங்க நீங்களே வழி வெட்டிக் கொடுத்ததாகிவிடும். நிலத்தடித் தளம் கட்டும்போது குழி காய்ந்திருக்க வேண்டும் என்று மாதக்கணக்கில் நீரை இறைப்பீர்கள். அந்த இறைப்பு, ஒதுங்கி நின்ற மாசு நீரைச் சுற்றுவட்டாரத்திலிருந்து உங்கள் குழிக்கு இழுத்து வரும்.

நீர் சோதனை அட்டவணையில் இரண்டு இடங்களை மட்டும் பாருங்கள். முதலாவது தேதிகள். இறைப்பதை நிறுத்திய பிறகு எத்தனை மாதம் கண்காணித்தார்கள்? இறைத்துக்கொண்டிருக்கும்போது எடுத்த அளவு எப்போதும் அழகாக இருக்கும். நிறுத்தியதும் களிமண்ணுக்குள் ஊறியிருந்தது மெல்ல மெல்ல வெளியே கசியும், அளவு மறுபடி ஏறும். இரண்டாவது வினைல் குளோரைடு என்ற வரிசை. மண்ணில் சில பாக்டீரியாக்கள் டிரைகுளோரோஎத்திலீனிலிருந்து குளோரின் அணுக்களை ஒவ்வொன்றாகப் பிரிக்கும். முழுவதும் பிரித்துவிட்டால் தீங்கற்ற எத்திலீன் மிஞ்சும். பாதியில் நின்றுவிட்டால் வினைல் குளோரைடு தேங்கும், அது மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று உறுதியாக அறியப்பட்ட பொருள். மூலப்பொருள் மறைந்துவிட்டது என்று மகிழ்ந்து, அது எதுவாக மாறியது என்று பார்க்காத அறிக்கைகளை நான் படித்திருக்கிறேன்.

இந்தக் கரைப்பான்களின் ஆவியையும் மறந்துவிடாதீர்கள். கட்டடத்துக்குள் வெப்பக் காற்று மேலே எழும்பும்போது கீழே சிறிய உறிஞ்சல் உண்டாகும். தளத்தின் விரிசல், குழாய் நுழையும் துளை ஆகியவற்றின் வழியே மண்ணிலிருக்கும் வாயுவை அது உள்ளே இழுக்கும். மூக்குக்குத் தெரியாத அளவே போதும். அந்தப் பழைய கட்டடத்தின் தரைக்கு அடியிலிருந்து வாயு மாதிரி எடுத்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். அறையின் காற்றைச் சோதிக்க, காற்று நீக்கிய எஃகுக் கலத்தின் திருகைத் துளியளவு திறந்து 24 மணி நேரம் வைப்பார்கள். அதை ஒரு நாள் மட்டும் செய்தால் போதாது. பருவம் மாறும்போது மறுபடி செய்ய வேண்டும்.

சான்றிதழுக்குப் பிறகும் என்ன நடக்கலாம் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். வாஷிங்டனில் ஸ்பிரிங் வேலி என்ற பகுதி. முதல் உலகப் போரின்போது, 1917-இல், அங்கிருந்த அமெரிக்கன் பல்கலைக்கழக வளாகத்தில் நச்சு வாயு ஆயுதங்களை ஆராயும் நிலையம் அமைத்தார்கள். போர் முடிந்ததும் மிஞ்சியதைப் பள்ளங்களில் புதைத்தார்கள். பின்னாளில் அதன் மேல் வசதியான வீடுகள் எழுந்தன. 1993 ஜனவரியில் குழாய் பதிக்கப் பள்ளம் தோண்டியவர்கள் குண்டுகளைக் கண்டெடுத்தார்கள். ராணுவப் பொறியாளர்கள் இரண்டு ஆண்டுகள் தேடி, 1995-இல் வேலை முடிந்தது என்றார்கள். முடியவில்லை. சில ஆண்டுகளிலேயே தென் கொரியத் தூதரின் இல்லத்தை ஒட்டிப் புதைகுழிகள் கிடைத்தன. வீட்டு மண்ணில் ஆர்சனிக் இருந்தது. 2012-இல் ஒரு வீட்டையே இடித்துவிட்டு அதன் அடியில் தோண்டினார்கள். அங்கே சில வீட்டு மனைகளில் ஆர்சனிக்கை உறிஞ்சும் ஒருவகைப் பெரணிச் செடியை நட்டு மண்ணைத் தேற்றினார்கள் என்பதும் உண்மை. இப்படிப்பட்ட நிலத்தை மீட்க முடியாது என்று நான் சொல்லவில்லை. மீட்ட நிலங்களில் மக்கள் நலமாக வாழ்கிறார்கள். ஆனால் அங்கெல்லாம் வரைபடமும் மண்ணும் ஒன்றையொன்று பார்த்துப் பேசியிருக்கின்றன.


குடுவை எழுதியது:

நான் விஞ்ஞானி இல்லை. இதுபோன்ற ஓர் ஆய்வகத்தில் கிடங்குப் பொறுப்பாளராக முப்பத்தொரு ஆண்டுகள் இருந்தேன். ஆழ்துளை ஐயா சொன்னது முழுவதும் சரி. நான் உள்ளே இருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

எங்கள் காலத்தில் கண்ணாடிப் பாத்திரங்களைக் கழுவ டைகுரோமேட்டையும் கந்தக அமிலத்தையும் கலந்த கரைசலைப் பயன்படுத்தினோம். ஆரஞ்சு நிறத்தில், பாகுபோல இருக்கும். எந்தக் கறையும் நிற்காது. பச்சையாக மாறியதும் கழுநீர்த் தொட்டியில் ஊற்றிவிட்டுப் புதிதாகக் கலப்போம். வாரம் ஒருமுறை, ஒவ்வொரு தளத்திலும், பல ஆண்டுகள். அந்தக் கழுவும் அறை எங்கே இருந்தது, அதன் கழிவுக்குழாய் எங்கே போனது என்று கண்டுபிடித்து, அங்கே குரோமியத்தின் நச்சு மிகுந்த வடிவமான ஆறு இணைதிறன் குரோமியத்தைத் தேடச் சொல்லுங்கள். மொத்தக் குரோமியம் என்று மட்டும் சோதித்தால் போதாது.

பாதரசம் இன்னொன்று. வெப்பமானி உடையாத வாரமே கிடையாது. அழுத்தமானிகளும் உடையும். பெருக்கி எடுத்தோம் என்று நினைப்போம். மணிகள் மேசை இடுக்கிலும் தரைப்பலகை இடைவெளியிலும் போய்விடும். நான் ஓய்வு பெறும் ஆண்டில் மூன்றாவது அறையின் தொட்டிக்கு அடியிலிருந்த வளைகுழாயைக் கழற்றினார்கள். பிளம்பர் அதைத் தட்டில் கவிழ்த்தபோது முதலில் கறுப்புச் சேறு விழுந்தது, அதற்குப் பின் பாதரசம். உள்ளங்கை அகலத்துக்கு ஒரே துளியாகக் கூடி, தட்டை ஆட்டியபோதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தத் தொட்டியில் தினமும் நான்கு முறை கை கழுவியிருக்கிறேன்.

அதனால் அந்தப் பழைய கட்டடத்தில் குழந்தைகளை உட்கார வைப்பது பற்றி மிகவும் யோசியுங்கள். அமெரிக்காவில் நியூ ஜெர்சி மாநிலத்தின் ஃபிராங்க்ளின்வில் என்ற ஊரில் பழைய வெப்பமானித் தொழிற்சாலையில் நடந்த குழந்தைகள் காப்பகத்தை 2006-இல் மூட நேர்ந்தது. அதே மாநிலத்தில் ஹோபோகன் நகரில் பாதரச விளக்கு செய்த ஒரு கட்டடத்தை வீடுகளாக மாற்றிக் குடியேறியவர்கள் 1996-இல் வெளியேற வேண்டியிருந்தது. தரைக்கு அடியில் மணி மணியாகப் பாதரசம் இருந்தது. மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டு ஆராய்ச்சி செய்த கட்டடத்திலும் பல பத்தாண்டுகள் கழித்துப் பாதரசமும் கதிரியக்கத் தடயங்களும் கண்டறியப்பட்டன. உங்கள் ஆய்வகத்தில் கதிரியக்கத் தடங்காட்டிகளை, அதாவது ஒரு பொருள் எங்கே போகிறது என்று பின்தொடர உதவும் கதிரியக்க அணுக்களை, பயன்படுத்தினார்களா என்றும் விசாரியுங்கள். ட்ரிட்டியம் பன்னிரண்டு ஆண்டுகளில் பாதியாகிவிடும். கார்பன் 14 பாதியாக 5,730 ஆண்டுகள் ஆகும்.

கட்டடத்தை உடைக்கும் தொழிலாளர்களுக்காக ஒரு வேண்டுகோள். சோடியம் அசைடு என்ற பொருளை நுண்ணுயிர் வளராமல் இருக்கக் கரைசல்களில் சேர்ப்பார்கள். அது ஈய, செப்புக் குழாய்களில் தேங்கினால் வெடிக்கும் உப்பாக மாறும். அப்படிப்பட்ட குழாயை அறுக்கும்போது வெடித்துக் காயம்பட்டவர்கள் உண்டு. பழைய கழிவுக்குழாய்களைத் தெரியாமல் அறுக்க விடாதீர்கள்.

கடைசியாக, அங்கே வேலை பார்த்தவர்களைத் தேடிப் போங்கள். இயக்குநர்களைவிடத் துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள், கிடங்கில் இருந்தவர்கள் நிறைய அறிவார்கள். எந்தப் பள்ளத்தில் காலாவதியான சீசாக்களைப் போட்டார்கள் என்பது எந்தக் கோப்பிலும் இருக்காது. வேலிக்குப் பின்னால் எங்கே புல் முளைக்காது என்பது தோட்டக்காரருக்குத் தெரியும். அவர்களுக்கு வயதாகிறது, தள்ளிப் போடாதீர்கள்.


மூன்றாம் மாடி எழுதியது:

நான் இப்படிச் சுத்திகரித்த நிலத்தில் கட்டிய குடியிருப்பில் ஒன்பது ஆண்டுகளாக வசிக்கிறேன். வீடு வாங்கும்போது எல்லாவற்றையும் வெளிப்படையாகச் சொன்னார்கள். தளத்துக்கு அடியில் ஜல்லி, அதன் மேல் வாயு புகாத விரிப்பு, ஜல்லியிலிருந்து கூரை வரை குழாய், மேலே ஓயாமல் சுழலும் விசிறி. மண்வாயு வீட்டுக்குள் வராமல் வெளியே போய்விடும். நல்ல ஏற்பாடு. அதனால்தான் வாங்கினோம்.

குழாயில் இடுப்பு உயரத்தில் ஒரு சிறிய கண்ணாடி அளவி இருக்கிறது. யூ வடிவம், உள்ளே சிவப்பு நீர். விசிறி இழுக்கும்போது ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் இறங்கியும் நிற்கும். துணி உலர்த்தப் போகும்போதெல்லாம் அதைத் தாண்டித்தான் போவேன். ஒரு நாள் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தன. அதன் பொருள் எனக்கு அன்று தெரியாது. பக்கத்தில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்துப் பார்த்தபோதுதான் விசிறி நின்றுவிட்டது என்று புரிந்தது. விசாரித்தால், பராமரிப்பு நிறுவனம் மாறியபோது பழைய ஒப்பந்தத்தில் இருந்த அந்த ஒரு வரி புதிய ஒப்பந்தத்தில் விடுபட்டுப் போயிருக்கிறது. நான்கு மாதங்கள் நின்றிருக்கிறது. கீழ்வீட்டில் கைக்குழந்தை இருந்தது. காற்றைச் சோதித்துப் பார்க்கும் வரை அந்தப் பெண் இரவில் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. அளவுகள் வரம்புக்குள் இருந்தன.

செங்கல் அண்ணா, நீங்கள் விசிறி வைக்கும்படி வரைந்தால், அது நின்றால் ஒலிக்கும் மணியையும் சேர்த்து வரையுங்கள். மணி மக்கள் நடமாடும் இடத்தில் இருக்கட்டும். யார் பொறுப்பு, செலவு யாருடையது என்பது வீட்டுப் பத்திரத்திலேயே வர வேண்டும். முப்பது ஆண்டுகள் கழித்து அந்த வீட்டை வாங்குபவருக்கும் அது தெரிய வேண்டும்.


செங்கல் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இந்தப் பத்து நாளில் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

அறிக்கையின் தேதிகளைப் பார்த்தேன். இறைப்பு நின்ற பிறகு எடுத்த மாதிரி ஒரே ஒரு முறைதான், மூன்றாவது வாரத்தில். வினைல் குளோரைடு வரிசை இருக்கிறது. ஆறு கிணறுகளில் நான்காவதில் மட்டும் ஓர் எண் இருக்கிறது, மற்றவற்றில் இல்லை. அந்த நான்காவது கிணறு என் நிலத்தடித் தளத்திலிருந்து முப்பது மீட்டர்.

நிலத்தடித் தளத்தை விட்டுவிட்டேன். வாகனங்கள் தரை மட்டத்திலேயே நிற்கும், நான்கு பக்கமும் காற்றுக்குத் திறந்தபடி. வீடுகள் அதற்கு மேலிருந்து தொடங்கும். ஒரு மாடி கூடுகிறது, உரிமையாளர் முகம் சுளித்தார். நான்காவது கிணற்றின் எண்ணைக் காட்டினேன், ஒப்புக்கொண்டார். மழலையர் பள்ளியைப் பழைய கட்டடத்திலிருந்து எடுத்து, கிழக்குப் பக்கம் புதிதாகக் கட்டலாம் என்று வைத்திருக்கிறேன்.

குடுவை ஐயா சொன்னபடி அங்கே தோட்ட வேலை பார்த்த ஒரு பெரியவரைச் சந்தித்தேன். அவர் வழியாகப் பழைய வடிகால் வரைபடத்தின் நீல நகல் ஒன்று கிடைத்தது. மடிப்பில் கிழிந்திருக்கிறது. பிரதான வடிகால் அறிக்கையில் உள்ளபடிதான் போகிறது. ஆனால் கழுவும் அறையிலிருந்து கிழக்கே புள்ளிக்கோடாக ஒரு குழாய் தனியாகப் போய், ஒரு வட்டத்தில் முடிகிறது. பெரியவர் அதை "ஊறுகுழி" என்றார், கழிவுநீரை மண்ணில் ஊறவிடும் குழி. அறிக்கையில் அந்த இடத்தில் துளையே இடவில்லை. அது நான் விளையாட்டுப் புல்வெளி வரைந்திருக்கும் இடம், புதிய பள்ளியை ஒட்டி.


ஆழ்துளை எழுதியது:

அந்த வட்டத்துக்காகவே இந்தப் பத்து நாளும் தகும், ஐயா. பெரியவருக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

பள்ளியின் இடத்தை இப்போது முடிவு செய்ய வேண்டாம். முதலில் குழியின் நடுவில் ஒரு துளை, சுற்றிலும் நான்கு. குழியின் அடிமட்டத்துக்குக் கீழே குறைந்தது இரண்டு மீட்டர் வரை மாதிரி எடுக்கச் சொல்லுங்கள். ஆனால் களிமண் அடுக்கு தட்டுப்பட்டால் அதைத் துளைக்காமல் நிறுத்த வேண்டும். ஆறு இணைதிறன் குரோமியம், பாதரசம், குளோரின் கரைப்பான்கள் ஆகிய மூன்றையும் சோதிக்கக் கேளுங்கள். பட்டியலில் இல்லாத பொருள்களையும் அடையாளம் காணும் பொதுத்தேடல் ஒன்றையும் சேர்க்கச் சொல்லுங்கள். குழாயின் இணைப்புகள் உள்ள இடங்களை விடாதீர்கள். பழைய சுட்டமண் குழாய்கள் இணைப்பில்தான் கசியும்.

நீர் மாதிரியை நான்கு பருவங்களிலும் எடுக்கும்படி கேளுங்கள். ஓராண்டு தாமதம் என்பார்கள். ஓராண்டுதான்.

இன்னொன்று, இது சின்ன விஷயம் போலத் தோன்றும். அந்த ஆறு கிணறுகளையும் இன்றே கம்பி வேலி போட்டுக் காப்பாற்றுங்கள், முக்கியமாக நான்காவதை. மண் சமன் செய்ய வரும் புல்டோசர்தான் பெரும்பாலும் கண்காணிப்புக் கிணறுகளை மூடிவிடும். ஓட்டுநருக்கு அது வெறும் இரும்பு மூடி. சிவப்புச் சாயம் பூசி, உயரமான கம்பு நட்டு, கொடி கட்டிவிடுங்கள். முடிவுகள் வந்ததும் இங்கே எழுதுங்கள், எண்களோடு.